பதினாலாம் கல்லுக்கிட்ட சூடாகுது

சார், சார், கால அதுமேல வச்சுராதீங்க. ஆமா, துண்டு சுத்தி வச்சிருக்கேன்ல, அதுதான். கம்ப்யூட்டர் பொட்டி. டிவி மாதிரி இருக்கிறது வீட்டுல இருக்கு, இது அதோட வயிறு. உக்காருங்க, உக்காருங்க, நான் மடியில தூக்கி வச்சுக்கிறேன். பஸ் ஸ்டாண்டு வரைக்குமா? நானும் அங்கதான். அதாவது, நடுவுல மில் கேட்டுல ஒரு ரெண்டு நிமிஷ வேலை இருக்கு. இருக்கட்டும், அத அப்புறம் பாத்துக்கலாம்.

இவன் ஓட்டுற ஓட்டப் பாத்தீங்களா? சத்தத்தக் கேளுங்க. எஞ்சின் கத்துது, இவன் அதே கியர்ல வச்சு இழுக்கிறான். அதுக்கு வாயிருந்தா அழும். நான் இருபத்தாறு வருஷம் ரயில் எஞ்சின் ஓட்டினவன் சார். கோதண்டபாணின்னு பேரு. பாணி டிரைவர்னா எங்க லைன்ல தெரியாத ஆளு கெடையாது. இருபத்தாறு வருஷத்துல ஒரு கறுப்புப் புள்ளி கெடையாது. சர்டிபிகேட் குடுத்திருக்காங்க, கண்ணாடி போட்டு மாட்டி வச்சிருக்கேன். வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் அதுதான் தெரியும்.

ரிப்பேருக்குத்தான் கொண்டு போறேன். சூடாகுது.

இல்ல சார், இந்தப் பொட்டி சூடாகல. எல்லாரும் இதையேதான் கேக்கிறாங்க. பஸ் ஸ்டாண்டுகிட்ட கடை வச்சிருக்கானே, அவன்கிட்ட மூணு தடவ கொண்டு போயிட்டேன். சூடாகுதுன்னு சொன்னதும், தொறந்தான், தூசியெல்லாம் ஊதினான், ஃபேன மாத்தினான், உள்ள ஏதோ வெள்ளையா பசை மாதிரி தடவினான். "இப்ப ஐஸ் மாதிரி இருக்கும் பெரியவரே"ன்னான். வீட்டுக்குக் கொண்டாந்து போட்டா, பொட்டி ஜில்லுன்னு இருக்கு, எஞ்சின் சூடாகுது. எந்த எஞ்சினா? அதுக்குள்ள ஒரு எஞ்சின் ஓடுது சார். கேம். ரயில் ஓட்டுற கேம்.

சிரிக்காதீங்க. சின்னப் பிள்ளைக வெளையாட்டுன்னுதான் நானும் நெனச்சேன். என் மாப்பிள்ளை குவைத்துல இருக்காரு, அவரோட கம்ப்யூட்டர் இது. போன தடவ வந்தப்ப, "மாமா சும்மாதானே இருக்கீங்க"ன்னு போட்டுக் குடுத்துட்டுப் போனாரு. பாத்தா, அசந்துட்டேன். நாங்க ஓட்டின அதே டீசல் எஞ்சின். அதே கைப்பிடி, அதே எட்டு நாட்ச். நாட்ச்னா, இந்த பஸ்ஸுக்கு ஆக்ஸிலேட்டர் மாதிரி, ஒண்ணுலேருந்து எட்டு வரைக்கும் படிப்படியா ஏத்தணும். தண்ணி சூடு காட்டுற ஊசிகூட இருக்கு. பாலக்காட்டுப் பக்கம் யாரோ ஒரு பையன், வேலைவெட்டி இல்லாம, எங்க லைன அப்படியே வரைஞ்சு அதுக்குள்ள வச்சிருக்கான். மொட்டப்பாறை ஸ்டேஷன் இருக்கு, ஸ்டேஷன் வாசல்ல அந்த வேப்பமரம் இருக்கு. அதுலேருந்து மேலக்கணவாய் வரைக்கும் ஏழு மைல் ஏத்தம். அதுவும் இருக்கு.

அந்த ஏத்தத்துலதான் பிரச்சனை. எட்டாம் கல்லுல மொட்டப்பாறை, அங்க கெளம்பி, எட்டு நாட்ச்சும் போட்டு ஏறுறேன். பத்தாம் கல் தாண்டும், பன்னெண்டு தாண்டும், பதினாலாம் கல்லுக்கிட்ட வந்ததும் அலாரம் அடிச்சிரும். எஞ்சின் சூடாயிருச்சுன்னு மணி. இழுவை போயிரும், வண்டி நின்னுரும். எத்தன தடவன்னு நெனக்கிறீங்க? நோட்டுல எழுதி வச்சிருக்கேன். நானூத்திப் பதினொண்ணு. நானூத்திப் பதினொரு தடவையும் பதினாலாம் கல்லுதான். முன்னயும் இல்ல, பின்னயும் இல்ல. அது கேமுல கோளாறு இல்லாம வேற என்ன?

நானும் பண்ணாத வேலையில்ல சார். மொத்தத்தையும் அழிச்சுட்டு மறுபடி ஏத்திப் பாத்தேன். அதுக்குள்ள மார்கழி மாசம்னு வச்சு, காலையில பனியில ஓட்டிப் பாத்தேன். அப்பவும் அடிச்சிருச்சு. வேகனக் கொறச்சு முப்பதாக்கினா ஏறுது, ஜோரா ஏறுது. ஆனா அன்னைக்கு என் பின்னாடி இருந்தது நாப்பத்திரெண்டு வேகன். அத்தனையும் நெல்லு மூட்டை. முப்பதுன்னு வச்சு ஓட்டிட்டு ஏறிருச்சு ஏறிருச்சுன்னு சொன்னா அது பொய்தானே? கடைக்காரன்கூடச் சொன்னான், "உள்ள ஒரு ஃபைல் இருக்கு பெரியவரே, அதுல சூட்டு நம்பர மாத்தி விட்டா அலாரமே அடிக்காது"ன்னு. வேணாம்னுட்டேன். நமக்குன்னு ஒரு நேர்மை இருக்குல்ல.

எந்த அன்னைக்கா?

சொல்றேன். ஏழு வருஷம் ஆச்சு. நாங்க எஞ்சின்ல ரெண்டு பேரு இருப்போம் சார். டிரைவர் ஒருத்தன், அசிஸ்டென்ட் ஒருத்தன். என்கூட தவசிலிங்கம். முப்பத்தஞ்சு வயசு அப்போ. நல்ல பய. அண்ணே அண்ணேம்பான். என் மக மங்கை அவன சித்தப்பான்னுதான் கூப்பிடுவா. சிக்னல் தெரிஞ்சா நாங்க ரெண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லணும், அது ரூலு. அவன் "பச்சை அண்ணே"ம்பான், நான் "பச்சை"ம்பேன். ஒருத்தன் கண்ணு ஏமாந்தாலும் இன்னொருத்தன் கண்ணு ஏமாறாதுன்னு வச்ச பழக்கம். அது நாக்குலயே ஒட்டிருச்சு. இப்பக்கூட வீட்டுல ஸ்கிரீன்ல சிக்னல் வந்தா "பச்சை"ன்னு சொல்லிட்டு ஒரு நொடி சும்மா உக்காந்திருப்பேன். கேமுலயும் ஒரு அசிஸ்டென்ட வச்சுக்கலாம், பின்னாடி நின்னு சிக்னல் சொல்ற மாதிரி ஒரு குரலு. மொத நாளே அத நிறுத்திட்டேன். தொணதொணன்னு இருந்துச்சு.

அன்னைக்கு மொட்டப்பாறைக்கு வந்தப்பவே ஊசி கொஞ்சம் ஏறித்தான் இருந்துச்சு. வைகாசி வெயில். தவசி பின்னாடி போய் தண்ணியப் பாத்துட்டு வந்தான். "அண்ணே, தண்ணி கொறைஞ்சு நிக்குது. பத்து நிமிஷம் இங்கயே போட்டு ஆற விடுவோம், ஊத்திக்கிட்டுப் போவோம்"ன்னான். அவன் அப்படித்தான், எல்லாத்துக்கும் பயப்படுவான். நான் என்ன பண்றது? சிக்னல் பச்சை விழுந்திருச்சு. பச்சை விழுந்தா டிரைவர் கெளம்பணும். பின்னாடி பாசஞ்சர் வண்டி வேற காத்துக்கிட்டு இருக்கு. ஸ்டேஷன் மாஸ்டர் கொடியக் காட்டிட்டாரு. நானா போனேன்? போகச் சொன்னாங்க, போனேன்.

அன்னைக்கு சாயங்காலம் எங்க மங்கைக்கு நிச்சயதார்த்தம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. சும்மா சொல்றேன்.

பதினாலாம் கல்லுல மணி அடிச்சிருச்சு. வண்டி நின்னுருச்சு. தவசி பின்னால போனான், தண்ணி டேங்க் மூடியத் தொறந்தான். உள்ள கொதிச்சுக் கெடக்கு, அவனுக்குத் தெரியாதா? சின்னப் பிள்ளையா? குக்கர் விசில் எடுக்கிறதுக்கு முன்னாடி பொம்பளைக எவ்வளவு பாத்து எடுக்கிறாங்க. இவன் வேஸ்ட் துணிய வச்சுப் பிடிச்சுத் திருகியிருக்கான். ஆவி மூஞ்சியில அடிச்சிருச்சு. மூஞ்சி, கழுத்து, கண்ணு.

கண்ணுதான் சார். ரெண்டும் போச்சு.

அவனா போனான், அவனா தொறந்தான். நான் சீட்டுல உக்காந்திருந்தேன். அவன் கத்தினது எனக்கு மொதல்ல அவன் குரல் மாதிரியே தெரியல. எஞ்சின்லதான் ஏதோ உடைஞ்சு சத்தம் வருதுன்னு நெனச்சேன். கடைசிப் பெட்டியிலேருந்து ஓடியாந்த கார்டும் நானுமா தூக்கிக் கீழ கெடத்தினோம். கீழ மொட்டப்பாறையில நின்ன பாசஞ்சரோட எஞ்சினக் கழட்டிக் கொண்டாந்து, அதுல ஏத்தி அனுப்புற வரைக்கும் அம்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. அதுக்குள்ள நம்ம எஞ்சின் தானா ஆறிப்போச்சு. ஊசி எறங்கி நிக்குது. வேற டிரைவர் வந்து அலுங்காம மேல ஓட்டிட்டுப் போனாரு.

வீட்டுக்கு வந்தப்ப ஏழே முக்கா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எனக்காகக் காத்துக்கிட்டு இருந்தாங்க. குளிச்சுட்டு வந்து உக்காந்து தட்டு மாத்தினேன். யாருகிட்டயும் சொல்லல. நல்ல காரியம் நடக்கிற எடத்துல போய் இத எப்படி சார் சொல்றது? நீங்களா இருந்தா சொல்லுவீங்களா? அன்னைக்கு சாம்பார் நல்லா இருந்துச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்குத்தான் எதோட வாசமும் தெரியல.

அப்புறம் விசாரணை. அதுல, "தன்னுடைய கவனக்குறைவால், டிரைவரின் உத்தரவு இல்லாமல்"னு முடிச்சுட்டாங்க. அந்த ஒத்த வரி இருக்கே, அதுதான் இப்ப தொந்தரவா இருக்கு. அந்த வரி இருக்கிற வரைக்கும் அவன் பொண்டாட்டி செண்பகவல்லி எங்க மனு போட்டாலும் நிக்க மாட்டேங்குதாம். அவளுக்கு ஒரு வேலை கேட்டா, "உங்க வீட்டுக்காரர் அவராத்தானேம்மா பண்ணிக்கிட்டாரு"ன்னு பேப்பரத் திருப்பிக் குடுத்துர்றாங்களாம். தையல் மிஷின வச்சு ஓட்டுறா. ரெண்டு பொம்பளப் பிள்ளைக வேற.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வீட்டுக்கு வந்தா சார். சண்டைக்கெல்லாம் வரல. வாசல்லயே நின்னா. "அண்ணே, நீங்கதான் தொறக்கச் சொன்னீங்கன்னு அவரு சொல்றாரு. அத மட்டும் ஒரு வரி எழுதிக் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்"ன்னா. உள்ள வாம்மான்னு கூப்பிட்டேன், வரல. காப்பி குடுத்தேன், குடிக்கல. சர்டிபிகேட்டையே பாத்துக்கிட்டு நின்னா.

நான் என்ன மனசாட்சி இல்லாதவனா? எடுத்தேன் கவுத்தேன்னு எதையும் எழுதிர முடியாதுல்ல. யோசிச்சுத்தான் சொன்னேன். "இந்தாம்மா, அந்த ஏத்தத்த அப்படியே இந்தக் கம்ப்யூட்டர்ல வச்சிருக்காங்க. அதே எஞ்சின், அதே நாப்பத்திரெண்டு வேகன். நிக்காம ஓட்டிக் காட்டுறேன். ஏறிருச்சுன்னா நான் பண்ணது சரின்னு உனக்கே வெளங்கிரும். ஏறலேன்னா, நீ கேட்டத எழுதித் தர்றேன்"னேன். நியாயம்தானே? அவ திரும்பிப் போயிட்டா. இப்ப என்னடான்னா ரெண்டு வருஷமா கேமுல கோளாறு. கோளாறு சரியாகாம நான் எப்படி ஒரு முடிவுக்கு வர்றது?

பாருங்க, ரயில்வே கேட்டப் போட்டுட்டான். ஏதோ கூட்ஸு போகுது. ம்... சிவப்பு.

ஒண்ணுமில்ல சார், வாய் சும்மா இருக்க மாட்டேங்குது.

எங்க விட்டேன்? ஆங், அந்தப் பாலக்காட்டுப் பையன். அவனுக்கே லெட்டர் போட்டேன் சார். அதான், ஈமெயிலு. வேகன், தண்ணி, வெயிலு எல்லாம் அன்னைக்கு இருந்தபடி வச்ச கணக்கோட, நான் சொல்லச் சொல்ல மங்கைதான் இங்கிலீஷ்ல அடிச்சா. "உன் எஞ்சின்ல கோளாறு இருக்கு, பதினாலாம் கல்லுல காரணமே இல்லாம சூடாகுது, நான் நெசமாவே ஓட்டின டிரைவர், நான் சொல்றேன், சரி பண்ணு"ன்னு. பத்து நாள் கழிச்சு பதில் போட்டான். மரியாதையாத்தான் எழுதியிருந்தான். "ஐயா, கோளாறு இல்லை. இந்தப் பாரத்தோட, தண்ணி கொறைஞ்ச எஞ்சின், அந்த வெயில்ல நிக்காம ஏறினா அந்த எடத்துல சூடாகத்தான் செய்யும். மொட்டப்பாறையில பத்து நிமிஷம் நிறுத்தி, ஆற விட்டு, தண்ணி ஊத்திட்டு ஏறிப் பாருங்க"ன்னு எழுதியிருந்தான்.

அவன் யாரு எனக்குச் சொல்ல? எஞ்சின் பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்திருப்பானா? கம்ப்யூட்டர்ல படம் வரையிறவன்லாம் எனக்கு எஞ்சின் ஓட்டச் சொல்லித் தர்றான்.

ஆனா மங்கை சும்மா இருந்தாளா? நான் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள அவளா உக்காந்து ஓட்டியிருக்கா. மொட்டப்பாறையில நிறுத்தி, பத்து நிமிஷம் கெடிகாரத்தப் பாத்து, தண்ணி ஊத்திக் கெளப்பியிருக்கா. அந்தக் கைப்பிடிய இதுக்கு முன்னாடி தொட்டதுகூடக் கெடையாது அவ. நான் உள்ள வர்றேன், வண்டி மேலக்கணவாய்ல நிக்குது. ஊசி நடுவுல நிக்குது. அவ திரும்பி என்னப் பாத்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "அப்பா, அன்னைக்கு தவசி சித்தப்பா நிக்கலாம்னு சொன்னாராப்பா?"

பொம்பளப் பிள்ளைக்கு எஞ்சினப் பத்தி என்ன தெரியும்? "அது லேட் ஆயிரும்மா, கணக்குல வராது"ன்னேன். "எதுக்கு லேட்?"ன்னா. "கேமுலதாம்மா கோளாறு"ன்னேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்"னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. பெத்த அப்பனப் பாத்து. அந்தக் காலமா இருந்தா பல்லு பேந்திருக்கும்.

மறுநாள், போன செவ்வாக்கிழமை, வீம்புக்குன்னே உக்காந்தேன் சார். நானூத்திப் பதினொண்ணாவது தடவ. நிக்காம ஓட்டிக் காட்டுறேன் பாருன்னு. பத்தாம் கல், பன்னெண்டாம் கல். பதிமூணு தாண்டுது. ஊசியப் பாக்கிறேன், ஏறுது, ஏறுது. அலாரம் அடிச்சிருச்சு. வண்டி நின்னுருச்சு. என்ன நடந்துச்சுன்னு எனக்கே சரியாத் தெரியல. ஸ்கிரீனப் பாத்துக் கத்தியிருக்கேன் போல. "ஆற விடவெல்லாம் நேரமில்லடா! தொறடா! தொறந்து ஊத்துடா! அங்க நிச்சயத்துக்கு எல்லாரும் வந்திருவாங்கடா!"ன்னு.

திரும்பிப் பாக்கிறேன், மங்கை வாசப்படியில நிக்கிறா. கையில பால் டம்ளரு.

என்னமோ கேமுக்குக் கத்தினேன் சார். சும்மா ஒரு வேகத்துல வர்றதுதான். நீங்ககூட கிரிக்கெட் பாக்கிறப்பக் கத்துவீங்கல்ல? அதுக்குப் போய் அவ அன்னைக்கெல்லாம் சாப்பிடல. "என் நிச்சயத்துக்காகவாப்பா?"ன்னு கேட்டா. "என் நிச்சயத் தட்டுல கை வச்சீங்களேப்பா அந்தக் கையால"ன்னு அழுதா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு எத்தன தடவ சொல்றது? உலை வாய மூடலாம், பெத்த பிள்ளை வாய மூட முடியுமா?

அவளுக்கு ஒண்ணு தெரியாது சார். உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, நீங்க யாரோ நான் யாரோ. அந்த வரி இருக்கே, உத்தரவு இல்லாம தொறந்தான்னு, அது விசாரணை பண்ணவங்களா எழுதினது இல்ல. நான் எழுதிக் குடுத்ததுதான். அவன ஏத்தி அனுப்பிட்டு, ஸ்டேஷன்ல உக்காந்து எழுதினேன். "எப்படிய்யா ஆச்சு, எழுதிக் குடுத்துட்டுப் போ"ன்னு பேப்பரக் குடுத்துட்டாங்க. மணி ஓடுது. அப்பத்தான் ஆஸ்பத்திரியிலேருந்து போன் வருது, பொழைக்கிறது கஷ்டம்னு டாக்டரே சொல்லிட்டாருன்னு. செத்தவனுக்கு ஒரு வரியால என்ன வந்திரப் போகுது? உசுரோட இருக்கிறவன் குடும்பத்தப் பாக்கணும்ல? அப்படி நெனச்சுத்தான் எழுதினேன். அவன் பொழைப்பான்னு யாருக்கு சார் தெரியும்?

பொழைச்சுட்டான்.

ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவ போனேன். மூஞ்சி பூரா கட்டு. நான் வந்ததச் சொல்லல, சும்மா கட்டில் பக்கத்துல நின்னேன். செருப்புச் சத்தத்த வச்சே கண்டுபிடிச்சுட்டான். "அண்ணே, எஞ்சின் ஏறிருச்சா?"ன்னு கேட்டான். ஏறிருச்சுடான்னேன். "நல்லதுண்ணே. பாப்பா நிச்சயம் நல்லபடியா நடந்துச்சா?"ன்னான். நடந்துச்சுடான்னு சொல்லிட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் போகல. போறதுக்கு நேரம் அமையல.

இப்ப மங்கை என்ன பண்ணிட்டான்னா, செண்பகவல்லிக்கு அவளா போன் போட்டுப் பேசிட்டா. பேசி, அவளே பேப்பர் ரெடி பண்ணிட்டா. இந்தா, இந்தச் சட்டைப் பையில இருக்கு பாருங்க. நாலே வரிதான். "நான்தான் திறக்கச் சொன்னேன். ஆறவிடலாம் என்று அவர் சொன்னதை நான் கேட்கவில்லை." கையெழுத்து மட்டும் பாக்கி. மறுபடி விசாரிக்கச் சொல்லி மனுக் குடுக்க இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணியோட கடைசியாம். இன்னைக்கு விட்டா இனிமே எடுக்க மாட்டாங்களாம். மில் கேட் ஸ்டாப்ல ஒரு நோட்டரி வக்கீல் இருக்காரு, அவர் முன்னாடி கையெழுத்துப் போடணும். பதினோரு மணிக்கு அங்க நிக்கிறோம்னு செண்பகவல்லி சொல்லியிருக்கா. அவன் கூடவே வருவானாம்.

எனக்கு ஒண்ணும் ஆகாதாம். ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆச்சு, உங்கள ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு மங்கை வக்கீலயே கேட்டுட்டா. அந்தச் சர்டிபிகேட் மட்டும்தான் சார். அதக்கூட யாரும் வந்து கழட்டப் போறதில்ல. ஆனா தெனமும் நான்தானே அதப் பாத்துக்கிட்டு உள்ள நுழையணும்?

மங்கை நானும் வர்றேன்னா. நான்தான் வேணாம்னேன். "நானே போய்ப் போட்டுக் குடுத்துட்டு வர்றேம்மா, சத்தியமா"ன்னு பேரப்பிள்ள தலையில கை வச்சு சொல்லிட்டு வந்திருக்கேன். "அப்போ பொட்டி எதுக்குப்பா?"ன்னா. போற வழிதானே, அப்படியே கடையில குடுத்துட்டு வந்தா ஒரு வேலை முடியும்னேன். அவ கதவ மட்டும் மெதுவா சாத்தினா.

மணி என்ன சார்? பதினொண்ணு அஞ்சா? பரவால்ல, இவன் வேகமாத்தான் வந்திருக்கான்.

எறங்கத்தான் போறேன். ஆனா ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. நான் இன்னைக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்னு வைங்க. நாளைக்கே இந்தக் கடைக்காரன், "பெரியவரே, கோளாறு கண்டுபிடிச்சுட்டேன், கேமுலதான் தப்பு, உங்க மேல தப்பில்ல"ன்னு சொன்னா? நான் போட்ட கையெழுத்து என்ன ஆகுறது? அதனாலதான், மொதல்ல கடை, அப்புறம் கையெழுத்துன்னு வச்சா முறையா இருக்கும்னு எனக்குப் படுது. அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கே. கடையில குடுத்து, அவன் பாத்து, நான் திரும்பி வந்து... வந்துரலாம்ல?

இதுதான் மில் கேட். பாருங்க, ஸ்டாப்புக்கு வந்துட்டான்.

சார், நான் கொஞ்சம் குனிஞ்சுக்கிறேன், இந்த ஒயர் ஏதோ கழண்ட மாதிரி இருக்கு. நீங்க சன்னல் பக்கம்தானே இருக்கீங்க, வெளிய பாத்துச் சொல்லுங்க. டீக்கடைக்குப் பக்கத்துல ஒரு பொம்பள நிக்கிறாளா? கையில ப்ளாஸ்டிக் பை, பைக்குள்ள ஃபைலு? கூட ஒருத்தன் இருப்பான், கறுப்புக் கண்ணாடி போட்டு.

நிக்கிறாங்களா. ரெண்டு பேரும் நிக்கிறாங்களா.

அவன் எப்படி சார் இருக்கான்? முடியெல்லாம் நரைச்சுப் போச்சா? நாப்பத்திரெண்டு வயசுதானே ஆகுது. இஸ்திரி போட்ட சட்டையா? ஆமா, எங்க போனாலும் சுத்தமா உடுத்துவான். என்ன பண்றான்? தலைய இந்தப் பக்கம் திருப்பிட்டானா? அது ஒண்ணுமில்ல, பஸ் எஞ்சின் சத்தத்தக் கேக்கிறான். அவனுக்கு அது பழக்கம். அவ ஒவ்வொரு சன்னலா பாக்கிறாளா? நீங்க அங்க பாக்காதீங்க சார், முன்னாடி பாத்து உக்காருங்க. சாதாரணமா உக்காருங்க.

என்ன சார், எந்திரிக்கிறீங்க? எறங்குங்கன்னா? எறங்கத்தான் போறேன், இந்தப் பொட்டியத் தூக்கிட்டு எறங்குறதுன்னா லேசா? கூட்டத்தப் பாருங்க. படியில எத்தன பேரு தொங்குறான். நீங்க சத்தம் போடாதீங்க, கண்டக்டரக் கூப்பிடாதீங்க, அவளுக்குக் கேட்டுரும். ஒரு நிமிஷம் குடுங்க, ஒயர மட்டும் உள்ள சொருகிட்டு...

விசில் அடிச்சுட்டான்.

பாத்தீங்கல்ல சார்? நீங்களே பாத்தீங்க. நான் எறங்கத்தான் இருந்தேன். கண்டக்டர் விசில் அடிச்சுட்டான், டிரைவர் வண்டிய எடுத்துட்டான், அதுக்கு மேல நான் என்ன பண்றது? நாளைக்கு யாராச்சும் கேட்டா நீங்க சொல்லணும், விசில் அடிச்சுட்டான்னு.

கை தூக்கினானா? யாரு, தவசியா? எதுக்குத் தூக்கினான்? பஸ்ஸு போற பக்கமா?

அது... வண்டி கெளம்பும்போது நாங்க காட்டுறது சார். எல்லாம் சரியா இருக்கு, போகலாம்னு அசிஸ்டென்ட் கை காட்டணும். நான் இதுல இருக்கேன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்காது. எப்படித் தெரியும்? சும்மா தூக்கியிருப்பான். பழக்கம்.

நீங்க ஏன் சார் அந்தப் பக்கம் தள்ளி உக்காருறீங்க? இடம் இருக்கு, நல்லா உக்காருங்க. பஸ் ஸ்டாண்டு இன்னும் பத்து நிமிஷத்துல வந்திரும். கடைக்காரன்கிட்ட இந்தத் தடவ வெவரமா எதுவும் சொல்லப் போறதில்ல. சூடாகுது, பாத்துக் குடுப்பான்னு சொன்னாப் போதும்ல?